கீழப்பழுவூர்: முள் மரம் தரும் புகை மணம்!

திருச்சியிலிருந்து லால்குடி வழியாகச் சிதம்பரம் போகும் சாலையும், அரியலூரிலிருந்து திருவையாறு வழியாகத் தஞ்சாவூர் போகும் சாலையும் சந்தித்துக்கொள்ளும் ஊர் கீழப்பழுவூர். அரியலூரிலிருந்து சுமார் 12 கி.மீ. 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குப் பெயர்ப்பலகையைப் பார்த்ததுமே பழுவேட்டரையர்கள் நினைவுக்கு வந்துவிடுவார்கள். சோழர்களுக்குப் பெண் கொடுத்து, அவர்களுக்காகப் படை நடத்திய அந்தக் குறுநில மன்னர்களின் சீமை இது. அவர்கள் காலத்து இரட்டைக் கோயில் பக்கத்துக் கீழையூரில் இன்றும் நிற்கிறது.

கீழப்பழுவூரில் இருப்பது ஆலந்துறையார் கோயில். ஞானசம்பந்தர் பாடிய தலம். தலமரம் ஆல். 'பழு' என்றாலும் ஆலமரம்தான். ஆக, ஊருக்கும் மரத்தின் பெயர், சாமிக்கும் மரத்தின் பெயர்!

ஆனால், இன்று தரிசிலும் ஏரிக்கரையிலும் அதிகம் கண்ணில் படுவது வேறொரு மரம்: சீமைக் கருவேலம்.

டெக்சாஸில் இருக்கும் சொந்தக்காரர்

மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதிகளைச் சேர்ந்த இந்த மரத்தின் விதைகள், விறகுக்காக 1870-களில் மதராஸ் மாகாணத்துக்கு வந்தன. வந்த மரம் போக மறுத்துவிட்டது. இதுபோன்ற அந்நியத் தாவரங்களை அகற்ற 2022-ல் தமிழக அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது.

நாம் திட்டித் தீர்க்கும் இதே மரத்தின் நெருங்கிய உறவுதான், அமெரிக்காவின் டெக்சாஸில் 'மெஸ்கீட்' என்று கொண்டாடப்படும் மரம். மாட்டிறைச்சியை அதன் தணலில் சுட்டால்தான் அங்கே பலருக்குத் திருப்தி. கடைகளில் அந்த மரத்தின் சில்லுகளைப் பாக்கெட் போட்டு விற்கிறார்கள். ஹவாய் தீவில் கோழி சுட உதவும் 'கியாவே' மரமும் இதே குடும்பம்தான்.

கரியில் ஏன் மணம் இல்லை?

'நாங்களும் கரி அடுப்பில்தான் சுடுகிறோம், அந்தப் புகை வாசனை வரவில்லையே' என்பது பலரின் குறை. காரணம், கரிமூட்டத்தில் இருக்கிறது. கருவேல விறகை அடுக்கி, தழையும் மண்ணும் போட்டு மூடி, நாள்கணக்கில் புழுங்கவிடுவார்கள். மரத்திலுள்ள மணப்பொருள்களில் பெரும்பகுதி அப்போதே புகையாகப் போய்விடும். மிஞ்சுவது சூடு தரும் கரி மட்டும்.

மரத்துக்கு உறுதி தரும் 'லிக்னின்' என்ற பொருள் சூட்டில் சிதையும்போது, 'குவையகால்', 'சிரிங்கால்' போன்றவை பிறக்கின்றன. நாக்கும் மூக்கும் 'புகை மணம்' என்று உணர்வது பெரும்பாலும் இவற்றைத்தான். கரியில் தொலைந்த இந்த மணத்தைத் திரும்பக் கொண்டுவரத்தான் மரச்சில்லு.

எப்படிச் செய்வது?

கரி நன்றாகப் பிடித்து, மேலே சாம்பல் பூத்ததும் தணலை அடுப்பின் ஒரு பக்கமாக ஒதுக்குங்கள். காய்ந்த சில்லு ஒரு கைப்பிடி எடுத்து, அலுமினியத் தாளில் பொட்டலம் கட்டி, நாலைந்து ஓட்டை போட்டுத் தணல் மேல் வையுங்கள். சில்லு குப்பென்று பற்றாமல் கனன்று புகையும். கோழியோ மீனோ கத்திரிக்காயோ, தணல் இல்லாத பக்கம் இருக்கட்டும். மேலே பெரிய குண்டானைக் கவிழ்த்து மூடி, காற்றுக்குக் கொஞ்சம் இடைவெளி விடுங்கள்.

சில்லைத் தண்ணீரில் ஊறவைக்க அவசியமில்லை. தண்ணீர் மேலாகத்தான் நனைக்கும். முதலில் ஆவிதான் வரும், புகை தாமதமாகும்.

மெல்லிய நீலப் புகை நல்லது. வெள்ளையாகத் திரண்டு வந்தால் கசப்பு ஏறும். கருவேலப் புகை காட்டமானது என்பதால் முதல் 15, 20 நிமிடம் போதும். ஈரமான மேற்பரப்பில்தான் புகை நன்றாக ஒட்டும் என்பதால் தொடக்கத்திலேயே காட்டிவிட வேண்டும். பிறகு தணல் பக்கம் நகர்த்தி, கோழி என்றால் உள்ளே 74 டிகிரி செல்சியஸ் எட்டும்வரை வேகவிடுங்கள். மென்மையான மணம் வேண்டுமா? கொய்யா, மா மரச் சில்லு ஏற்றது.

தொடவே கூடாதவை

அரியலூர் மாவட்டம் முந்திரிக்குப் பெயர்போனது. அதற்காக முந்திரிக் கொட்டையின் ஓட்டைத் தணலில் போட்டுவிடாதீர்கள். அதிலுள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். அரளி, எட்டி, கள்ளி, தில்லை ஆகியவையும் ஆகாது. தச்சுப்பட்டறைச் சிராயில் பிளைவுட் பசை, பெயின்ட், வார்னிஷ் கலந்திருக்கலாம். அதையும் தவிருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், இடம். மூடிய அறையில் கரி அடுப்பு உயிருக்கே ஆபத்து. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாசனையோ கிடையாது. மொட்டை மாடி அல்லது முற்றம்தான் சரி. கொழுப்பு தணலில் சொட்டி எழும் கரும்புகையில் புற்றுநோயைத் தூண்டும் பொருள்கள் உண்டு. கருகிய பகுதியை வெட்டி எறியுங்கள். இது மாதம் ஒருநாள் விருந்தாக இருக்கட்டும், அன்றாடச் சமையலாக வேண்டாம்.

விறகடுப்புக் காலத்தில் சுட்ட கத்திரிக்காய்க்கும் தணலில் வாட்டிய கருவாட்டுக்கும் இந்த மணம் தானாகவே வந்தது. ஆனால், அதற்கான விலையை ஊதுகுழலோடு உட்கார்ந்திருந்த பெண்கள் இருமலாகவும் கண்ணெரிச்சலாகவும் கொடுத்தார்கள். கேஸ் அடுப்பு அந்தப் புகையிலிருந்து விடுதலை தந்தது. இனி மணம் வேண்டுமென்றால், வீட்டு ஆண்களும் சேர்ந்து வெளியே தணல் மூட்டட்டும். அடுப்படிக்குள் புகை திரும்ப வேண்டாம்.

கீழப்பழுவூர்ப் பக்கம் போக நவம்பர் முதல் பிப்ரவரி வரை தோதான காலம். காலையில் ஆலந்துறையார் தரிசனம், அடுத்து கீழையூர் இரட்டைக் கோயில், மாலையில் 2024-ல் ராம்சர் அங்கீகாரம் பெற்ற கரைவெட்டிப் பறவைகள் சரணாலயம் என ஒரே நாளில் பார்த்துவிடலாம். திரும்பும் வழியில் யாராவது சீமைக் கருவேலத்தை வெட்டி அகற்றிக்கொண்டிருந்தால், கேட்டு ஒரு கட்டை வாங்கி வாருங்கள். முள் கவனம்!