பக்கெட் தண்ணீரில் பத்து கிராம் உப்பு

சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, பூசணிக்காய் சுற்றி உடைத்து வீட்டுக்குக் கொண்டு வந்த காரில் முதல் கறை தெரிவதற்கு எத்தனை நாளாகும்? எங்கள் வீட்டில் மூன்று மாதம் ஆனது. அடர் நீல நிறம். நிழலில் பார்த்தால் பளபளப்பு. வெயிலில் பார்த்தால் பானெட் முழுக்க வட்ட வட்டமாக வெள்ளைத் திட்டுகள். முன்பக்கம் குண்டூசித் தலை அளவுக்கு நான்கு இடத்தில் பெயின்ட் பெயர்ந்திருந்தது.

“இதுக்குத்தான் செராமிக் கோட்டிங் போடணும்னு சொல்றாங்க. 28,000 ரூபாயாம்” என்றார் என் கணவர். மகளின் ஒரு டேர்ம் ஃபீஸ் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஐந்து வருஷம் இ.எம்.ஐ. கட்ட வேண்டிய காருக்கு இன்னும் 28,000 போடுவதற்கு முன்னால், அது எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்று தெரிந்துகொள்ளலாமே என்று விசாரிக்க ஆரம்பித்தேன்.

முதலில் தெரிந்துகொண்டது, கார் பெயின்ட் எவ்வளவு மெல்லியது என்பதை. தகட்டின் மேல் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், கடைசியாகக் கண்ணாடி போன்ற கிளியர் கோட். இத்தனையும் சேர்ந்தே பெரும்பாலான கார்களில் 100 முதல் 120 மைக்ரான்தான். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அதாவது இரண்டு முடி கனத்துக்கும் குறைவு. நாம் தொட்டுப் பார்த்து ரசிக்கும் பளபளப்பு மேலே இருக்கும் கிளியர் கோட்டுடையது. அது மட்டும் 40, 50 மைக்ரான்.

இந்த மெல்லிய தோலுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று கல், இன்னொன்று தண்ணீர். இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது.

செராமிக் கோட்டிங் என்பது சிலிக்கா கலந்த, சில மைக்ரான் மட்டுமே உள்ள பூச்சு. தண்ணீர் தாமரை இலையில் உருள்வதைப் போல உருண்டு ஓடும். அழுக்கு சுலபமாகப் போகும். ஆனால், 80 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதும் ஜல்லியை அது தடுக்காது. இன்னொன்றும் உண்டு: உருளாமல் நின்றுவிட்ட துளி, கோட்டிங் மேலேயும் காய்ந்து கறையாகும். கல்லைத் தாங்குவது பி.பி.எஃப். எனப்படும் பாலியூரித்தேன் ஃபிலிம். அது 150 முதல் 200 மைக்ரான் தடிமன். பெயின்ட்டைவிடக் கனமான ஒரு சட்டை. முழுக் காருக்கும் ஒட்ட ஒரு லட்சத்துக்கு மேல் கேட்டார்கள். கேட்டதும் அந்தப் பேச்சை அங்கேயே விட்டோம்.

இதற்குள் எங்கள் அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் வேறொரு தீர்ப்பு எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. வெள்ளைத் திட்டு எங்கள் காரில் மட்டும் இல்லை. மூன்று பேர் போட்டோ போட்டு, “கார் கழுவுறவர் சரியில்லை, ஆளை மாத்துங்க” என்றார்கள். விடியற்காலை நாலரைக்கு வந்து 14 கார்களைக் கழுவிவிட்டுப் போகும் அண்ணன் அவர். அவருடைய மாதக் கணக்கில் பாதிக்கும் மேல் எங்கள் கேட்டுக்குள்தான் இருக்கிறது.

எனக்கு சந்தேகம் தண்ணீரின் மேல். எங்கள் வீடு மேடவாக்கத்தில். போர் தண்ணீரில் பருப்பு வேகாது, குழாய் வாயில் வெள்ளையாகப் பூத்திருக்கும். வாட்டர் ப்யூரிஃபையர் சர்வீஸுக்கு வந்த பையனின் மீட்டரில் அந்தத் தண்ணீரின் டி.டி.எஸ். லிட்டருக்கு 1,000 மில்லிகிராமைத் தொட்டது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் விரும்பத்தக்க அளவு 500. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10 லிட்டர் பக்கெட்டில் 10 கிராம் உப்பு! பெரும்பகுதி தண்ணீரோடு வழிந்து போய்விடும். நின்று காய்ந்த துளியில் தண்ணீர் ஆவியாகிவிடும். கால்சியமும் மக்னீசியமும் எங்கே போகும்? வட்டமாக அங்கேயே உட்கார்ந்துகொள்ளும்.

இதை யாரும் வீட்டிலேயே பார்க்கலாம். நான் ஒரு எவர்சில்வர் தட்டில் நான்கு சொட்டு வைத்து மொட்டை மாடி வெயிலில் காய விட்டேன். போர் தண்ணீர், ப்யூரிஃபையரின் நல்ல தண்ணீர், அது வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீர், ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர். காய்ந்த பிறகு கழிவுத் தண்ணீர்தான் சுண்ணாம்பு வைத்ததுபோல் அழுத்தமான வட்டம். அடுத்தது போர் தண்ணீர். நல்ல தண்ணீர் லேசாகத் தடம் விட்டது. ஏ.சி. தண்ணீர் வைத்த இடத்தைத் தேட வேண்டியிருந்தது. காற்றில் இருக்கும் ஈரப்பதம் குளிர்ந்து நீரானதுதான் அது. உப்பு அதில் ஏறக்குறைய இல்லை.

‘வீணாகிறதே’ என்று ப்யூரிஃபையர் கழிவுத் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கார் கழுவும் வீடுகள் நிறைய. நல்ல எண்ணம்தான். ஆனால், வடிகட்டியில் நின்ற உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் சேர்ந்திருக்கிறது. அதைத் தரை துடைக்கவும் டாய்லெட்டுக்கும் வைத்துக்கொண்டு, காருக்கு ஏ.சி. தண்ணீரைக் கொடுங்கள்.

தட்டைப் போட்டோ எடுத்து குரூப்பில் போட்டேன். மறுநாள் காலை கீழே இறங்கி அண்ணனிடமும் காட்டினேன். அவர் சிரித்தார். “இது எனக்குத் தெரியும் மேடம். லாரித் தண்ணி வர்ற அன்னிக்கு வண்டி சுத்தமா இருக்கும், போர் தண்ணின்னா பூத்துடும். உடனே துடைச்சா ஒண்ணும் ஆகாது. ஆனா பதினாலு வண்டி. மூணாவது வண்டியிலயே துணி சொட்டச் சொட்ட நனைஞ்சிடும். காஞ்ச துணிக்கு எங்க போவேன்?”

இதை இத்தனை நாள் அவரிடம் யாரும் கேட்கவே இல்லை. ஒரு வண்டியைத் துடைக்க ஐந்து நிமிஷம் என்றாலும் 14 வண்டிக்கு 70 நிமிஷம். அது அவருடைய நேரம். குரூப்பில் இரண்டு நாள் வாக்குவாதம் நடந்து, கடைசியில் முடிவானது இதுதான்: ஒவ்வொரு வீடும் கழுவ ஒன்று, துடைக்க ஒன்று என இரண்டு மைக்ரோஃபைபர் துணி தர வேண்டும். மாதம் 100 ரூபாய் கூட்டித் தர வேண்டும். ஆளை மாற்றும் பேச்சு அதோடு நின்றது.

இப்போது அவர் முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியை இறக்குகிறார். உலர்ந்த தூசியின் மேல் துணியைத் தேய்த்தால் அது உப்புத்தாள் போலக் கீறும். பிறகு மேலிருந்து கீழாகக் கழுவி, வெயில் ஏறுவதற்குள் துடைத்துவிடுகிறார். எங்கள் காருக்குக் கடைசியாக அரை பக்கெட் ஏ.சி. தண்ணீர், துணியில் வடிகட்டியது.

ஏற்கெனவே விழுந்த திட்டுகளுக்கு, வினிகரில் அதே அளவு ஏ.சி. தண்ணீர் கலந்து, நிழலில், பானெட் ஆறியிருக்கும்போது, மென்மையான துணியில் நனைத்து ஓரிரு நிமிஷம் ஒற்றி வைத்தேன். பிறகு கழுவித் துடைத்தேன். பித்தளைப் பாத்திரம் தேய்க்கிற கை நம்முடையது; புளியையும் நாரையும் எடுக்கத் துடிக்கும். அதெல்லாம் வேண்டாம். பெரும்பாலானவை போய்விட்டன. இரண்டு மட்டும் போகவில்லை. சூடான பானெட்டில் காய்ந்து காய்ந்து கிளியர் கோட்டையே அரித்துவிட்டவை அவை. பாலிஷ் போட்டால்தான் மறையும். பாலிஷ் என்பது கிளியர் கோட்டைக் கொஞ்சம் தேய்த்து எடுப்பது. இருப்பதே 40, 50 மைக்ரான் என்பதால் அப்படியே விட்டுவிட்டோம்.

அடுத்து கல். அம்மா திண்டிவனத்தில் தனியாக இருக்கிறார். மாதம் இரண்டு முறை ஜி.எஸ்.டி. சாலையில் போய் வர வேண்டும். ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர்கள் கூடவே வரும். அவற்றிலிருந்து சிந்துவதைவிட, சாலையில் கிடக்கும் கல்லை முன்னால் போகும் டயர் எற்றிவிடுவதுதான் அதிகம். கல் அடிக்கும் சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 80-லிருந்து 100-க்குப் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது; அடியோ ஒன்றரை மடங்குக்கும் மேல்.

எனவே, முன்னால் போகும் வண்டி ஒரு மைல்கல்லைத் தாண்டிய பிறகு நாம் அதைத் தாண்ட மூன்று விநாடியாவது ஆக வேண்டும். 80 கிலோமீட்டர் வேகத்தில் அது சுமார் 67 மீட்டர் இடைவெளி. பெயின்ட்டுக்கு மட்டுமல்ல, உயிருக்கும் அதுதான் இடைவெளி. பேட்ச் ஒர்க் நடக்கும் இடத்தில் வேகத்தைக் குறைக்கிறோம். நான்கு சக்கரத்துக்கும் மட் ஃபிளாப் போட்டாயிற்று. அது நம் சக்கரமே எற்றும் கல்லிலிருந்து கதவின் அடிப்பாகத்தைக் காக்கிறது.

பெயர்ந்துவிட்ட இடத்துக்கு டச்-அப் பெயின்ட். காரின் நிறத்துக்கு ஒரு குறியீட்டு எண் உண்டு. கதவுத் தூணிலோ பானெட்டுக்கு உள்ளேயோ ஒட்டியிருக்கும். அதைச் சொல்லிச் சின்ன பாட்டில் வாங்கி, இடத்தைக் கழுவி உலர்த்தி, பல் குத்தும் குச்சியின் நுனியால் ஒரு பொட்டு. காய்ந்ததும் இன்னொரு பொட்டு. உற்றுப் பார்த்தால் தெரியும்தான். ஆனால், அதன் வேலை அழகு இல்லை, துருவைத் தடுப்பது. பம்பர் பிளாஸ்டிக், அது துருப்பிடிக்காது, அவசரமில்லை. பானெட், கூரையின் முன் விளிம்பு, கதவின் அடிப்பாகம் இவை இரும்பு. அங்கே தகடு தெரிந்தால் தள்ளிப்போடக் கூடாது. அதிலும் கடற்காற்று வீசும் ஊரில்.

துணி, மட் ஃபிளாப், டச்-அப் பாட்டில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட ஒரு டப்பா வேக்ஸ். எல்லாம் சேர்த்து 3,000 ரூபாயைத் தாண்டவில்லை. கோட்டிங் போடுபவர்களைக் குறை சொல்லவில்லை. கழுவும் வேலை குறைய வேண்டும் என்றால் அது நல்ல பொருள்தான். கல்லுக்கு என்று சொன்னால் மட்டும் நம்பாதீர்கள்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன், ஒரு சாயங்காலம் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துக் காரை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். போன ஐப்பசியில் எங்களுக்கு ஆறு புள்ளி கிடைத்தது. ஐந்தைக் கண்டுபிடித்தது மகள். ஆறாவதை, பின் கதவின் அடியில் இருந்ததை, அண்ணன்தான் காட்டினார்.