மாக்கோழி

என் மகனுக்கு நாலு வயதில் விடாத காய்ச்சல் வந்தபோது, என் மாமியார் குலதெய்வத்துக்குச் சேவல் வேண்டிக்கொண்டார். காய்ச்சல் இறங்கியது. குஞ்சாக வாங்கி வந்த சேவலுக்குப் பொட்டுக்கடலை போட்டு வளர்த்தது இவன்தான். கொடை நெருங்க நெருங்க எனக்கு வயிற்றைக் கலக்கியது. கொழுக்கட்டை மாவில் சேவல் செய்து ஒப்பேற்றி விடலாமா என்றுகூட யோசித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் யசோதர காவியத்தை உரையோடு படித்தேன். ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்று, சமணர்களுடையது. 300-க்குச் சற்று அதிகமான பாட்டுக்கள். கதையைச் சொல்பவன், மாரிதத்தன் என்ற அரசனுக்காகப் பலியிடத் தங்கையோடு பிடித்து வந்த அண்ணன்!

உஞ்சயினி அரசன் யசோதரன் கெட்ட கனவு கண்டதாகச் சொல்கிறான். தாய் சந்திரமதி தேவிக்குப் பலி கொடுக்கச் சொல்கிறாள். உயிரைக் கொல்ல அவனுக்கு மனமில்லை. சரி, மாவினால் கோழி செய்து வெட்டு என்கிறாள் தாய். வெட்டியது மாவைத்தான். ஆனாலும் கொல்லும் எண்ணத்தோடு வெட்டியதால் பாவம் ஒட்டிக்கொள்கிறது. மனைவி வைத்த விஷத்தில் தாயும் மகனும் இறந்து, பிறவி பிறவியாக விலங்காகிறார்கள். முதலில் மகன் மயில், தாய் நாய். அந்த நாயே அந்த மயிலைக் கடித்துக் கொல்கிறது.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். புலவர் ரொம்பக் கடுமைதான். பிள்ளையும் நல்லா இருக்கணும், கோழியும் சாகக்கூடாது என்று மாவைப் பிசைந்த தாய்க்கு இத்தனை தண்டனையா? ஆனால் என் கொழுக்கட்டை யோசனை அன்றோடு போயிற்று.

ராத்திரி மொச்சை உரிக்கும்போது மாமியாரிடம் கதையைச் சொன்னேன்.

"தன் புள்ளைன்னு அந்த நாய்க்குத் தெரியாதா?"

"தெரியாது அத்தை."

அப்புறம் அவர் பேசவே இல்லை. காலையில், "சேவலை உசுரோட விட்டுட்டு வருவோம். வேண்டுனது நான். சாமிகிட்ட நான் பேசிக்கிடுதேன்" என்றார்.

கோயிலில் விட்ட கோழிகளைப் பிறகு ஏலம் போடுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். இவர் கடைசி வரை நின்று, அதையே ஏலத்தில் எடுத்து வந்தார். கூடுதல் விலைதான்.

ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு மட்டும் எங்கள் வீட்டில் நிற்கவில்லை. போன மாதம் மகன் தட்டைப் பார்த்து, "இது யாரு வளத்த கோழிம்மா?" என்றான். அன்றைக்கு அவனும் நானும் ரசம் சாதம்தான் சாப்பிட்டோம்.