சர்தனாவின் பேகம் கட்டிய திருக்கோயில்

மீரட் நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிற்றூர் சர்தனா. கரும்பு வயல்களைக் கடந்து செல்வோரை இரு கூர்ங்கோபுரங்கள் எதிர்கொள்கின்றன. அருள் அன்னைக்கு எடுக்கப்பெற்ற இக்கத்தோலிக்கத் திருக்கோயில், 1961-ல் பசிலிக்கா என்னும் சிறப்பினை எய்தியது.

இதனை எழுப்பியவர் பேகம் சம்ரு. வால்டர் ரைன்ஹார்ட் என்ற ஐரோப்பியக் கூலிப்படைத் தலைவனின் துணைவியாக வாழ்ந்தவர்; 1778-ல் அவன் மறைந்தபின் அப்படையைத் தாமே நடத்தியவர்; 1781-ல் ஆக்ராவில் திருமுழுக்குப் பெற்றவர். முகலாயப் பேரரசு வழங்கிய சர்தனா ஜாகீர் அவர் கையிலிருந்தது. ஆயின், 1805-ல் கும்பினியாருடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அஃது அவரது ஆயுட்காலத்திற்கு மட்டுமே உரியது. தமக்குப்பின் நிலம் நில்லாது என்பதை உணர்ந்தே, நிற்கக்கூடிய ஒன்றை அவர் கட்டினார் என்பது என் துணிபு.

கட்டட அமைப்பை வகுத்தவர் அவரது படையில் பணியாற்றிய இத்தாலியரான அந்தோனியோ ரெகெல்லினி. செலவு 4 இலட்சம் ரூபாய் என்பர். முகப்பில் பருத்த தூண்கள் தாங்கும் மண்டபம், மேலே குவிமாடங்கள். கோபுரங்கள் சற்றே மிகை என்பேன். தூண்களின் அமைதியோடு அவை ஒட்டவில்லை. உள்ளே சென்றால் அக்குறை மறந்துபோம். வெண்பளிங்குப் பலிபீடத்தில் வண்ணக் கற்கள் பதித்த பூவேலையைக் காணலாம். தாஜ்மகாலைக் கண்டவர்க்கு அக்கைவண்ணம் புதிதன்று. உரோமையின் வழிபாட்டுக்கு ஆக்ராவின் கைத்திறன் எத்துணை இயல்பாகப் பொருந்திவிட்டது!

கட்டுமானத்திற்கு மண்ணெடுத்த பள்ளங்களே அருகில் இரண்டு ஏரிகளாயின என்று சொல்லப்படுகிறது. மண் சுமந்தோர்க்கு வேறு நினைவுச்சின்னம் ஏதுமில்லை.

1836-ல் பேகம் மறைந்தார். கும்பினி ஜாகீரை எடுத்துக்கொண்டது. அதன் பின்னரே, அவருடைய வளர்ப்பு வாரிசான டைஸ் சோம்பர், உரோமைச் சிற்பி அதாமோ தாதோலினியைக் கொண்டு பளிங்கு நினைவுச்சின்னம் செய்வித்தார். உச்சியில் அரியணையில் பேகம் வீற்றிருக்கிறார். கீழே திவானும் ஆயரும் படைத்தலைவரும் சூழ நிற்கின்றனர். பேகத்தின் கையில் ஒரு சுருள். ஜாகீர் வழங்கிய அரச ஆணை அது. கோப்புகளிடையே காலங்கழிக்கும் எனக்கு அச்சுருளை விட்டுக் கண் அகலவில்லை. காலாவதியான ஆணையைப் பளிங்கில் பொறித்து, கடல் கடந்து கொணர்ந்திருக்கிறார்கள்!

நவம்பர்த் திருவிழாவில் பல சமயத்தாரும் இங்குத் திரள்வது வேளாங்கண்ணியை நினைவூட்டும். வருவோரிற் பெரும்பாலோர் நாடி வருவது அன்னையின் திருமுன்னையே. ஜாகீரின் கதை அவர்களுக்குத் தேவைப்படுவதில்லை.