பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும்

எங்கள் ஊரின் பெயரைச் சொந்தபந்தம் அல்லாத ஒருவர் வாயால் நான் முதலில் கேட்டது இலங்கை வானொலியில்தான். பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சி. ஒரு குழந்தையின் பெயர், பிறகு அப்பா, அம்மா, அப்பப்பா, அம்மம்மா, கொழும்பு மாமா, வவுனியாச் சித்தி, அண்ணாமார், மச்சாள்மார் என்று பெரிய சுற்றம், கடைசியில் 'மயிலிட்டி'. அறிவிப்பாளர் அந்தப் பெயரை விழுங்கவில்லை, அவசரமாகத் தாண்டவும் இல்லை. விறாந்தையில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியப்பா நிமிர்ந்து, "எங்கட ஊரையெல்லோ சொல்லுறான்" என்றார். பிள்ளை யாருடையது என்ற விசாரணை அதன் பிறகுதான் தொடங்கியது.

தபாலட்டை எழுதுவது அப்போது ஒரு கலை. அந்தச் சின்ன இடத்துக்குள் இருபது பெயரை அடக்க வேண்டும். ஒருவரை விட்டால் நல்லநாள் பெருநாளில் முகம் பார்க்க முடியாது. எங்கள் ஒழுங்கையில் எழுத்து அழகான ஒரு அக்காவிடம்தான் எல்லோரும் போவார்கள். அவவுக்கு ஒரு கொள்கை இருந்தது. ஆட்களைக் குறைத்தாலும் குறைப்பாவே ஒழிய ஊரை ஒருநாளும் விடமாட்டா. அட்டை கொழும்புக்குப் போய்ச் சேர்ந்து, குவியலில் கிடந்து, வாசிக்கப்படுமா என்று தெரியாமலே காத்திருப்போம். வாசிக்கப்பட்டால் அடுத்த நாள் சந்தையில் அந்த வீட்டாருக்கு ஒரு தனி நடை வந்துவிடும்.

நேயர் விருப்பத்தில் பாட்டைவிட நீளமாகப் பெயர்கள் வரும். கொக்குவில், கோண்டாவில், நெல்லியடி, மூதூர், காத்தான்குடி, அட்டன், பதுளை, அதோடு கடலுக்கு அப்பால் இராமேஸ்வரம், தூத்துக்குடி, கீழக்கரை. பள்ளிக்கூடத்துப் பூமிசாத்திரப் புத்தகம் கற்றுத்தராத வரைபடம் ஒன்று எனக்குள் இப்படித்தான் உருவானது. பதுளை எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாத வயதிலேயே, அங்கே ஒரு குடும்பத்துக்கு சுசீலாவின் குரல் பிடிக்கும் என்று தெரியும்.

கடலுக்கு அப்பாலிருந்து அவ்வளவு அட்டைகள் வந்ததற்கு இந்திய அரசுக்கு நாங்கள் நன்றி சொல்ல வேண்டும். 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று கருதினார். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஒடுங்கியது. 1950இல் வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கியிருந்த இலங்கை வானொலிக்கு அது வலியப் போய் விழுந்த அதிர்ஷ்டம். இரண்டாம் உலகப் போர்த் தளபதி மவுண்ட்பேட்டனின் படைகளுக்காக ஏக்கலையில் நிறுவிய பலமான ஒலிபரப்பி ஏற்கெனவே கையில் இருந்தது. இந்தியில் அமீன் சயானியின் பினாக்கா கீத்மாலா வடக்கை இழுத்தது. தமிழில் எஸ்.பி. மயில்வாகனன் தமிழ்நாட்டை இழுத்தார். டெல்லி 1957இல் விவித் பாரதியைத் தொடங்கி விழித்துக்கொண்டது. அதற்குள் தென்கரையில் பலருக்குக் கொழும்புதான் வானொலி, மற்றதெல்லாம் அகில இந்திய வானொலி என்றாகிவிட்டது.

அந்த அறிவிப்பாளர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் குரலைத்தான் புகழ்வார்கள். கே.எஸ். ராஜாவின் வேகம், ராஜேஸ்வரி சண்முகத்தின் கனிவு, அப்துல் ஹமீதின் நிதானமான உச்சரிப்பு, நடராஜசிவத்தின் கம்பீரம். ஒன்றும் பொய் இல்லை. ராஜா ஒரு கேள்வி கேட்பார், படத்திலிருந்து எடுத்த வசனமோ பாட்டோ அதற்குப் பதில் சொல்லும். ஒலிநாடாவை வெட்டி ஒட்டிய காலத்தில் அந்த ஒரு நொடிப் பொருத்தத்துக்கு எவ்வளவு வேலை இருந்திருக்கும் என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர்கள் செய்த பெரிய வேலை அதைவிடச் சாதாரணமானது. பெயர் வாசித்தார்கள்.

பாட்டு தொடங்கும் முன்னே படத்தின் பெயர், பாடியவர்கள், பாட்டை எழுதியவர், இசையமைத்தவர் எல்லாம் வந்தாக வேண்டும். 78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடத்தைச் சுற்றித்தான் ஓடும். அந்த மூன்று நிமிடத்துக்கு முன்னே நின்று இத்தனை பேருக்கும் மரியாதை செய்துவிட்டு அறிவிப்பாளர் விலகிக்கொள்வார். மருதகாசி, கு.மா. பாலசுப்பிரமணியம், கா.மு. ஷெரீப், கொத்தமங்கலம் சுப்பு என்று எங்கள் தலைமுறை சரளமாகச் சொல்வதற்கு இலக்கிய அறிவு காரணமில்லை. ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போன பெரியப்பாவுக்கும் அந்தப் பெயர்கள் அத்தனையும் தெரியும். 'பொங்கும் பூம்புனல்' முடிவதற்குள் கரைவலைக்காரர் பாதிப் பேர் பாட்டெழுத்தாளர்கள் பெயரைச் சொல்லிச் சண்டை பிடித்திருப்பார்கள்.

விளம்பரத்தில்கூடப் பெயர்தான். கோபால் பற்பொடி நாடு நாடாகச் சொல்லித் தன்னை விற்றது. பல் விளக்கும்போது மலேசியா ஞாபகம் வருவது எங்கள் வயதுக்காரருக்கு மட்டும் உள்ள வியாதி.

இன்னொரு வாசிப்பு இருந்தது. பாட்டு ரசிகர்கள் அதை எழுதமாட்டார்கள். மரண அறிவித்தல். காசு கட்டிக் கொடுத்தால் தேசிய சேவையில் வாசிப்பார்கள். இந்த ஊரைப் பிறப்பிடமாகவும் அந்த ஊரை வசிப்பிடமாகவும் கொண்ட இன்னார் என்று தொடங்கும். அன்னார் இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும், இன்னாரின் மாமனாருமாவார் என்று நீண்டு, ஈமக்கிரியை நடக்கும் நேரம், தகனம் செய்யும் மயானம் வரை போகும். அதை வாசிக்கும் குரலில் துக்கம் இருக்காது, இருக்கவும் கூடாது. பெயர் தெளிவாக விழ வேண்டும். அவ்வளவுதான் அந்தத் தொழிலின் அறம். தொலைபேசி இல்லாத ஊர்களில் செத்த வீட்டுக்கு ஆட்கள் வந்து சேர்ந்தது அந்தக் குரலை நம்பித்தான்.

அறிவித்தல் தொடங்கியதும் ஆச்சி அடுப்படியிலிருந்து, "ஆராம்? எவடமாம்?" என்பா. நாங்கள் சொல்ல வேண்டும். ஊர் தெரிந்தால் போதும், மிச்சத்தை அவவே பிடித்துவிடுவா. "அரியாலை எண்டால் அது சின்னத்தம்பியற்ரை பெறாமகனாய் இருக்கும்." அநேகமாகச் சரியாகவே இருக்கும்.

எழுபதுகளில் அந்த அறிவித்தல்களில் பிள்ளைகளின் பெயரோடு திணைக்களங்கள் வரும்: கல்வித் திணைக்களம், தபால் கந்தோர், சீமெந்துத் தொழிற்சாலை. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அந்த இடத்தில் நாடுகள் வரத் தொடங்கின. ஒரு மகன் ஜேர்மனி, ஒரு மகள் கனடா, மருமகன் சுவிஸ். செத்தவருக்கு ஒரு ஊர்தான், பிள்ளைகளுக்கு உலகம். நாட்டை விட்டு எத்தனை பேர் போனார்கள் என்பதைப் புள்ளிவிவரம் படித்து நாங்கள் அறியவில்லை. இரவு அறிவித்தலில் கொள்ளி வைக்க வேண்டியவன் எந்த நாட்டில் நிற்கிறான் என்று கேட்டுக் கேட்டே அறிந்தோம். கே.எஸ். ராஜா 1989இல் கொழும்பில் கொல்லப்பட்டார். அத்தனை வீடுகளுக்குள் உரிமையோடு நுழைந்த குரலுக்கு அந்த முடிவு.

1990 ஜூனில் யுத்தம் துரத்த மயிலிட்டியை விட்டு வெளியேறினோம். சாமான் கட்ட நேரம் இருக்கவில்லை. றேடியோவைப் பெரியப்பா எடுத்து வந்தார். அதற்குப் போட பற்றறி இல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுவிட்டது. பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருள். ஆகவே சைக்கிள். அதைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் எடுத்து, இடையில் ஒரு டயோட்டும் கப்பாசிற்றரும் வைத்து றேடியோவில் கொடுப்பது. ஒருவர் பெடலைக் கையால் சுற்ற வேண்டும். வேகம் குறைந்தால் குரல் அமுங்கும், கூடினால் றேடியோ எரிந்துவிடும் என்ற பயம். கோண்டாவிலில் நாங்கள் இருந்த வீட்டில் இரவு ஒன்பதே காலுக்கு லண்டன் பிபிசி தமிழோசைக்காக முற்றம் முழுக்க ஆட்கள் நிற்பார்கள். சுற்றுவது சின்னப் பொடியன்களின் முறை. செய்தி முடிந்ததும் யாரும் கேட்காமலே இன்னும் கொஞ்ச நேரம் சுற்றுவார்கள், எங்காவது பாட்டு அகப்படாதா என்று.

முன்பு பாட்டோடு வந்த ஊர்ப் பெயர்கள் இப்போது செய்தியோடு வந்தன. காங்கேசன்துறை, பலாலி, தையிட்டி, மயிலிட்டி. குண்டு விழுந்தால், இராணுவ முகாம் பெருத்தால், கடலில் சண்டை நடந்தால் அந்தப் பெயர் வரும். இல்லாவிட்டால் மரண அறிவித்தலில் வரும்: மயிலிட்டியைப் பிறப்பிடமாகவும் கோண்டாவிலைத் தற்காலிக வசிப்பிடமாகவும் கொண்ட... அந்தத் 'தற்காலிக' என்ற சொல்லைக் காசு கொடுத்துச் சேர்த்தவர்களை எனக்குத் தெரியும். சொல்லுக்கு இவ்வளவு என்றுதான் கட்டணம். ஒரு சொல் குறைத்தால் மிச்சம் பிடிக்கலாம் என்று சொல்லியும் கேட்கமாட்டார்கள். ஊர் மனிதர்கள் இல்லாமல் கிடந்த அத்தனை வருடமும் பிறப்பிடமாக மட்டும் அது காற்றில் உயிரோடு இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் கொழும்பில் சூரியன், சக்தி என்று தனியார் பண்பலைகள் வந்தன. யுத்த நிறுத்தம் வந்து 2002இல் ஏ-9 பாதை திறந்த பிறகு அந்தத் துள்ளல் குரல்கள் யாழ்ப்பாணத்துத் தேத்தண்ணிக் கடைகளில் நிறைந்தன. நடராஜசிவம் போன்ற பழையவர்கள் சிலர் புதிய கலையகங்களுக்குப் போய் இளசுகளைப் பழக்கினார்கள். அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' கடல் கடந்து தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிக்கே போனது. பண்பலையைக் கரித்துக்கொட்டுவது எங்கள் வயதில் ஒரு பொழுதுபோக்கு. தமிழைக் கொல்லுகிறார்கள், காரணமில்லாமல் சிரிக்கிறார்கள். சிரிப்பது உண்மைதான். ஆனால் பழையவர்களால் செய்ய முடியாத ஒன்றைப் பண்பலை செய்தது. நேயரின் குரலையே காற்றில் விட்டது. அட்டையில் பெயராக மட்டும் இருந்த பிள்ளை இப்போது தானே வந்து, "வணக்கம் அண்ணா, நான் சாவகச்சேரியில் இருந்து கதைக்கிறன்" என்று நடுங்கும் குரலில் சொன்னது. முதல் முறை அதைக் கேட்டபோது எனக்குத் தபாலட்டை அக்காவின் நினைவு வந்தது. அவ இருந்திருந்தால் தொலைபேசியை வைக்கவே மாட்டா.

அந்தக் காலமும் கெதியாய் முடிந்தது. என் மருமகன் ஒருவன் கொழும்பில் ஒரு பண்பலையில் வேலை செய்கிறான். பாட்டைத் தேர்வது அவனில்லை. எந்தப் பாட்டு எத்தனை மணிக்கு, எத்தனை மணி நேரம் கழித்துத் திரும்ப வர வேண்டும் என்று கணினி வரிசை போட்டு வைத்திருக்கும். இரவு நிகழ்ச்சி என்று நாங்கள் கேட்பதைச் சில நாள் பின்னேரமே பேசிப் பதிந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான். "பாட்டு எழுதினவரின்ரை பேர் சொல்லமாட்டியளோ?" என்று கேட்டேன். "எங்கை மாமா நேரம்? ரெண்டு பாட்டுக்கு இடையிலை முப்பது செக்கன். அதுக்குள்ளை வானொலியின்ரை பேரை ரெண்டு தரம் சொல்லோணும்." இந்தக் காலத்து வாசிப்பில் மிஞ்சியிருப்பது அந்த ஒரு பெயர்தான்.

ஊர் வானொலி என்று சொல்லத்தக்கது எங்களுக்கு வாய்க்கவில்லை என்பது என் பழைய மனக்குறை. மகாவலித் திட்டத்தில் குடியேறியவர்களுக்காக 1981இலேயே சமுதாய வானொலி தொடங்கிய நாடு இது. பாக்குநீரிணைக்கு அந்தக் கரையில், பாம்பனில், மீனவர்களுக்கென்றே 'கடல் ஓசை' என்று ஒரு சின்ன நிலையம் 2016 முதல் இருக்கிறது. இந்தியாவில் இத்தகைய நிலையங்களுக்குப் பொதுவாக 100 வாட் சக்திக்குத்தான் அனுமதி. பாம்பன் தீவைச் சுற்றி ஒரு பதினைந்து கிலோமீற்றர் கேட்டால் பெரிது. காற்று எந்தப் பக்கம், அலை எப்படி, கடலுக்கு இறங்கலாமா என்று சொல்ல அது போதும். எங்கள் பெரிய பண்பலைகளின் குரல் முழு இலங்கைக்கும் கேட்கிறது. மயிலிட்டித் துறைமுகம் 2017இல் இராணுவத்திடமிருந்து விடுபட்டு வள்ளங்கள் மறுபடி இறங்கியபோது, அந்தக் கடலின் காற்றைச் சொல்ல அந்தப் பண்பலைகளில் ஆள் இல்லை. கொழும்புப் போக்குவரத்து நெரிசலைச் சொல்ல ஆள் இருந்தது.

ஊருக்குத் திரும்பியவர்கள் மரண அறிவித்தலை இப்போது கைத்தொலைபேசியில் பார்க்கிறார்கள். படத்தோடு, நிறத்தோடு வருகிறது. ரொறொன்ரோவிலும் லண்டனிலும் தமிழ் வானொலிகள் இன்னும் வாசிக்கின்றனவாம். அங்கே வசிப்பிடங்கள் கூடிப்போய், ஒருவருக்கே நாலு ஊர் வரும் என்று என் தங்கை சொல்லுவாள். ஆச்சி இருந்திருந்தால் ஆளைக் கண்டுபிடித்திருக்கமாட்டா.

மருமகனுக்குப் போன வருடம் ஞாயிறு விடியற்காலையில் பழைய பாட்டுக்கென்று ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். விளம்பரக்காரர் சீண்டாத நேரம், ஆகவே கணினியும் சீண்டுவதில்லை. படம், பாடியவர், எழுதியவர், இசை எல்லாம் சொல்கிறான். 'மக்களைப் பெற்ற மகராசி' படத்தில் சௌந்தரராஜன் பாடும் அந்த உழவுப் பாட்டைப் போட்டுவிட்டு, எழுதியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் என்றிருக்கிறான். பாட்டு முடியும் முன்னே குரல் செய்திகள் குவிந்துவிட்டனவாம், மருதகாசி, மருதகாசி என்று, வவுனியாவிலிருந்து, மட்டக்களப்பிலிருந்து, ஒன்று நோர்வேயிலிருந்து. எல்லாம் அறுபது தாண்டிய குரல்கள் என்று சிரித்தான்.

"எல்லாரும் ஊரையும் சொல்லித்தான் தொடங்கினவை மாமா. உங்களைப் போலை."

"வாசிச்சியோ?"

"நாலு பேற்றை வாசிச்சன். மிச்சத்துக்கு நேரம் வரேல்லை."