தனித்து நின்ற புள்ளி

அரிச்சுவடி படிக்கும் குழந்தைக்கும் புள்ளியின் ஆற்றல் தெரியும். 'க' என்னும் எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்தால் அது 'க்' ஆகி ஒலி அடங்கி நின்றுவிடுகிறது. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் வரையறுத்தது. ஆயினும் பிற்காலத்தில் ஓலையில் எழுதியோர் பெரும்பாலும் புள்ளியிடாமலே சென்றனர். எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்ற அச்சமே காரணம் என்பர். அந்த ஏடுகளைப் படித்துப் பொருள் கண்ட உ.வே. சாமிநாதையர் போன்ற பெருமக்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம். சித்தூர், திருப்பதிப் பகுதியில் வாழும் நம் பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கும் பயில்கின்றனர். அங்கும் மெய்யின் ஒலியை நிறுத்த ஒரு குறி உண்டு. அதற்குப் 'பொல்லு' என்று பெயர். புள்ளி, பொல்லு என்னும் இரண்டின் ஒலி நெருக்கத்தை அறிஞர்கள் ஆராயட்டும். கோப்புகளில் காலம் கழிக்கும் எழுத்தராகிய நமக்கு, ரூபாய்க்கும் பைசாவுக்கும் நடுவே நிற்கும் புள்ளி இடம் பெயர்ந்தால் என்ன நேரும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

நிற்க. இக்கட்டுரை இலக்கணம் பற்றியதன்று. 2017ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், உலகெங்கும் மின்னஞ்சலைக் கொண்டு சேர்க்கும் ஒரு மென்பொருளை ஒரே ஒரு புள்ளி திக்குமுக்காடச் செய்த வரலாறு பற்றியது.

அம்மென்பொருளின் பெயர் எக்ஸிம். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பிலிப் ஹேசல் என்பார் 1995இல் இதனை எழுதினார். யாரும் விலையின்றிப் பெற்று நிறுவிக்கொள்ளலாம் என்பதால் கல்லூரிகளும் சிறு நிறுவனங்களும் இதனை விரும்பி ஏற்றன. நம் தங்கை மகன் திருப்பதியில் ஒரு தனியார் கல்லூரியின் அஞ்சல் சர்வரைக் கவனித்து வந்தான். அங்கு ஓடியதும் எக்ஸிம்தான். அவன் வாயிலாகவே இவ்வரலாறு நமக்குத் தெரிய வந்தது.

மின்னஞ்சல் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்குச் செல்லும்போது இரண்டும் தமக்குள் உரையாடுகின்றன. அவ்வுரையாடலின் இலக்கணத்தை ஜான் போஸ்டல் என்னும் அமெரிக்க அறிஞர் 1982இல் வகுத்தார். வந்த கணினி முதலில் வணக்கம் கூறும். பின்னர் அனுப்புநர் யார், பெறுநர் யார் என்று சொல்லும். அதன்பின் 'டேட்டா' என்று கூறிவிட்டுக் கடிதத்தை வரிவரியாகப் படிக்கும். கடிதம் முடிந்தது என்பதை எவ்வாறு உணர்த்துவது? ஒரு வரியில் வேறெதுவுமின்றிப் புள்ளி ஒன்று தனித்து நின்றால் அதுவே முடிவு. கடிதத்துக்குள்ளேயே அப்படி ஒரு புள்ளி வந்துவிட்டால் என் செய்வது என்னும் ஐயம் எழும். அதற்கும் போஸ்டல் வழி வைத்தார். புள்ளியில் தொடங்கும் வரி எதுவாயினும் அனுப்பும் கணினி முன்னால் இன்னொரு புள்ளியைச் சேர்க்கும். பெறும் கணினி அதனை நீக்கிவிடும். எளிய ஏற்பாடு, நாற்பதாண்டு கடந்தும் நின்று நிலவுகிறது.

படங்களும் பெரிய கோப்புகளும் அஞ்சலில் ஏறத் தொடங்கியபின் வேறொரு முறை வேண்டப்பட்டது. 'இத்தனை எழுத்து அனுப்புகிறேன், எண்ணிக்கொள்' என்று முன்கூட்டியே அளவைச் சொல்லிவிடும் முறை அது. 'பிடேட்' என்பது அதன் கட்டளை. எண்ணிப் பெறுவதால் இங்கே முடிவுப் புள்ளி தேவையில்லை. கடிதத்தில் புள்ளி வந்தால் அதுவும் மற்ற எழுத்துகளைப் போல் ஓர் எழுத்து, அவ்வளவே. எக்ஸிம் இம்முறையை 2016 இறுதியில் வெளிவந்த 4.88ஆம் பதிப்பில் ஏற்றுக்கொண்டது.

வினை அங்கேதான் விளைந்தது. புதிய முறையில் எண்ணிக்கொண்டிருந்த அதே வேளையில், எக்ஸிமின் மற்றொரு பகுதி பழைய வழக்கத்தை விடாமல் தனிப்புள்ளியைத் தேடிக்கொண்டிருந்தது. முதலிலேயே புள்ளி ஒன்று வந்தால் கடிதம் முடிந்தது என்று அது கருதிவிடும். ஆனால் எண்ணும் பகுதி இன்னும் தன் வேலையை முடித்திருக்காது. அடுத்து மீண்டும் ஒரு பிடேட் வந்தால், எழுத்தை வாங்கிவரும் பகுதி தன்னிடமே போய் எழுத்துக் கேட்கும். அது மறுபடியும் தன்னிடமே கேட்கும். இவ்வாறு முடிவின்றிச் சுழன்று, தனக்கு ஒதுக்கிய நினைவிடம் தீர்ந்தபின் விழும்.

அலுவலகத்தில் இது நமக்குப் புதிய காட்சியன்று. 'மேற்குறித்த பிரிவின் கருத்து அறிக' என்று ஒரு கோப்பு போகும். பார்த்தால் மேற்குறித்த பிரிவு நம் பிரிவாகவே இருக்கும். மனிதர் ஆகையால் நாம் மூன்றாம் முறை சிரித்துவிட்டு நிறுத்திவிடுவோம். கணினிக்குச் சிரிக்கத் தெரியாது.

எக்ஸிம் வருகின்ற ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஓர் ஏவலனை அமர்த்துவதால் ஒருவன் விழுந்தால் மற்றவர் பிழைப்பர். ஆயினும் ஒரே நேரத்தில் எத்தனை பேரை உள்ளே விடுவது என்பதற்கு வரம்பு உண்டு. நாமாக மாற்றாவிட்டால் அது 20. அந்த இருபது இடங்களையும் வீணர்கள் பிடித்துக்கொண்டால் உண்மையாகக் கடிதம் கொணர்ந்தவன் வாயிலில் நிற்க வேண்டியதுதான். இதையே சேவை மறுப்புத் தாக்குதல் என்கின்றனர். திருட்டு இல்லை, அழிப்பு இல்லை. வாயிலை அடைத்துக்கொண்டு நிற்றல் மட்டுமே. 2015 நவம்பரில் நம் சென்னையைச் சார்ந்த ஸோஹோ நிறுவனத்தின் அஞ்சல் சேவைமீது பணம் பறிக்கும் நோக்கத்துடன் இவ்வகைத் தாக்குதல் நடந்தது. அது ஆயிரக்கணக்கில் ஆளனுப்பி வாயிலை நெரிக்கும் வெள்ளம். எக்ஸிமின் குறையோ ஊசி போன்றது. வெள்ளம் தேவையில்லை, சில வரிகள் போதும்.

இக்குறையைக் கண்டவர் தைவான் நாட்டின் டெவ்கோர் என்னும் அமைப்பைச் சார்ந்த ஆய்வாளர். 2017 நவம்பர் 23 அன்று, எக்ஸிம் குழுவினரின் குறை பதியும் பொதுப் பதிவேட்டிலேயே அதனை எழுதிவிட்டார். அதனினும் கொடிய மற்றொரு குறையையும் உடன் எழுதினார். அயலான் தன் கட்டளைகளைச் சர்வரில் நடத்திக்கொள்ள அது இடம் தந்தது. மறைவாகத் தெரிவித்துத் திருத்தம் வந்தபின் வெளியிடுவதே இத்துறையின் மரபு. பொதுப் பதிவேட்டில் எழுதியதால் காவலனும் கள்வனும் ஒரே நாளில் படித்தனர். இதனைப் பலர் குறை கூறினர். நம் கருத்து வேறு. மறைவாகச் சொல்லும் வழி எளிதில் கண்ணிற்படும்படி இருந்திருக்க வேண்டும். வீட்டுக்காரர் வாயிலில் மணி வைக்காதபோது தெருவில் நின்று கூவியவனை மட்டும் நோவானேன்?

அந்த ஞாயிற்றுக்கிழமை நாம் சித்தூரிலிருந்து சந்திரகிரி வழியே பேருந்தேறித் திருப்பதிக்குச் சென்றிருந்தோம். தங்கை வீட்டில் உணவு பரிமாறிய பின்னும் மருமகன் கணினியை விட்டு எழவில்லை. என்ன செய்தி என்று வினவினோம்.

"மாமா, ஒரு புள்ளி வந்தாலே எங்கள் சர்வர் சுற்றத் தொடங்கிவிடும். திருத்தம் இன்னும் வரவில்லை. இப்போதைக்குக் கதவை மூடச் சொல்கிறார்கள். ஒரே ஒரு வரி மாற்றினால் போதும். ஆனால் மேலாளர் ஒப்புதல் இல்லாமல் எதையும் தொடக்கூடாது என்பது கட்டளை. அவர் ஊரில் இல்லை, தொலைபேசியையும் எடுக்கவில்லை."

அவ்வாரம் இறுதியாண்டு மாணவர்களுக்கு நேர்முகத் தேர்வு அழைப்புகள் வந்துகொண்டிருந்தன. மாணவர் பலர் சித்தூர்ச் சிற்றூர்களினர். மாந்தோப்புகளில் கூலிக்குக் காய் பறித்துப் பிள்ளையைப் பட்டம் வரை கொண்டுவந்த பெற்றோர் அவர்களுக்குப் பின்னால் இருந்தனர். சர்வர் முடங்கினால் கடிதம் தொலைந்துவிடாது. அனுப்பிய கணினி நான்கைந்து நாள்கள் வரை மீண்டும் மீண்டும் முயலும் என்று அவன் சொன்னான். ஆனால் புதன்கிழமைத் தேர்வுக்கான அழைப்பு வியாழக்கிழமை வந்தென்ன பயன்?

"கதவை மூடினால் கடிதம் வருவது நின்றுபோகுமா?" என்று கேட்டோம்.

"நிற்காது மாமா. எண்ணி வாங்கும் முறை எங்களிடம் உண்டு என்று அறிவிப்பதை மட்டும் நிறுத்திவிடுவோம். வருகிறவர்கள் பழைய முறையிலேயே, புள்ளி வைத்து முடிப்பார்கள்."

"தம்பி, எங்கள் அலுவலகத்தில் பின்னேற்பு என்று ஒன்று உண்டு. தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றிவிட்டு ஒப்புதல் கேட்பார்கள். ஆனால் ஊற்றிய நேரம், ஊற்றியவர் பெயர், எத்தனை குடம் என்பதெல்லாம் அன்றே ஏட்டில் ஏறியிருக்க வேண்டும். செய், செய்ததை உடனே எழுதி வை. மேலாளருக்கு ஒரு படி அனுப்பு" என்றோம். அலுவலகப் பழக்கம் ஒருவருக்கு உதவியது என்று நாம் மகிழ்ந்த அருநாள்களில் அது ஒன்று.

அவன் செய்தது மிகச் சிறிது. பிடேட் முறையை யார் யாருக்கு அறிவிப்பது என்று குறிக்கும் வரியைச் சமக்குறியோடு நிறுத்தி, வலப்புறத்தை வெறுமையாக விட்டான். எக்ஸிமை மறுபடி தொடங்கினான். வெளியிலிருந்து தொடர்புகொண்டு வணக்கம் சொல்லிப் பார்த்தான். சர்வர் தனக்குத் தெரிந்தவற்றைப் பட்டியலிட்டபோது அம்முறையின் பெயர் அதில் இல்லை. தன் பெயருக்கே ஒரு கடிதம் அனுப்பி, அது வந்து சேர்ந்ததையும் பார்த்தபின் கை கழுவி உண்ண அமர்ந்தான். அதற்குள் இரசம் ஆறிவிட்டது.

நவம்பர் முடிவதற்குள் எக்ஸிம் குழுவினர் 4.89.1 என்னும் திருத்திய பதிப்பை வெளியிட்டனர். இக்குறைக்கான திருத்தத்தின் சாரம் ஒரு வரியில் அடங்கும்: எண்ணி வாங்கும்போது முதலில் தனித்து வரும் புள்ளியைச் சிறப்பாகக் கருதாதே என்பதே அது. சி.வி.இ.-2017-16944 என்ற எண்ணில் இக்குறை உலகப் பட்டியலில் ஏறியது. மருமகன் முதலில் வேறொரு கணினியில் புதிய பதிப்பை ஓட்டிப் பார்த்து, இரவு பதினொரு மணிக்குமேல் கல்லூரிச் சர்வரில் நிறுவினான். வெறுமையாக விட்ட வரியை மேலும் இரண்டு வாரம் அப்படியே வைத்திருந்து, பின்னர்ப் பழைய நிலைக்குக் கொணர்ந்தான். பொறுமையில் அவன் தன் தாயைக் கொண்டவன்.

பொங்கலுக்குச் சென்றபோது அவ்வேட்டை நமக்குக் காட்டினான். 26.11.2017, பிற்பகல் 2.40 என்று தொடங்கி நான்கு வரிகள் அவன் கையெழுத்தில் இருந்தன. அவற்றின் கீழே மேலாளரின் ஒப்புதல் கடிதம் ஒட்டப்பட்டிருந்தது. அதன் தேதி டிசம்பர் 11.