காலி மனை

வசந்தம் என்று நாம் எழுதுவது பெரும்பாலும் படித்துத் தெரிந்துகொண்ட வசந்தம். அம்பத்தூரில் அப்படி ஒன்று கிடையாது. பஞ்சாங்கம் சொல்கிற இளவேனில், அதாவது சித்திரையும் வைகாசியும், இங்கே தார் இளகும் காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஏரிகளில் நீர் இறங்க ஆரம்பித்து, தும்பையும் கிணற்றடிப்பூண்டும் மண்டிக் கிடக்கிற தை, மாசிதான் எங்களுக்கு வாய்த்த வசந்தம். வண்ணத்துப்பூச்சி பார்ப்பதென்றால் வெயில் ஏறுவதற்குள் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

நான் பார்க்க ஆரம்பித்தது மிகவும் தாமதமாக. அதற்கு முன் முப்பது வருஷம் என் கவிதைகளில் வண்ணத்துப்பூச்சி பறந்திருக்கிறது. ஒருநாள் எண்ணிப் பார்த்தேன், பதினோரு இடம். ஓரிடத்திலும் அது எந்தப் பூச்சி என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆன்மா, கனவு, போன காதல், எதற்கும் பொருந்திற்று. எதற்கும் பொருந்துகிற படிமத்தைப் பற்றி நான் பிறரிடம் கறாராகப் பேசியிருக்கிறேன் என்பது வேறு விஷயம்.

கண்ணில் புரை எடுத்த பிறகு மகன் ஒரு காமிரா வாங்கித் தந்தான். ஆவடியில் பருத்திப்பட்டு ஏரிக்கரை, பூந்தமல்லிக்கு அப்பால் செம்பரம்பாக்கம் என்றெல்லாம் போய்வந்தேன். கடைசியில், எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி எருக்கு மண்டிய காலி மனையில்தான் அதிகம் கிடைத்தது. விடிகாலையில் பூச்சிகள் உடம்பைச் சூடேற்றிக்கொள்ளச் சிறகை விரித்துவைத்து உட்கார்ந்திருக்கும். நம் நிழல் மட்டும் மேலே விழக்கூடாது.

அங்கே ராஜ்யம் வெந்தய வரியனுடையது. மிகச் சாதாரணமான பூச்சி. மூவாயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட எகிப்தியக் கல்லறைச் சித்திரங்களிலும் இருக்கிறது. எருக்கம்பாலின் விஷத்தைப் புழுவாக இருக்கும்போதே உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் இதைத் தொடத் தயங்கும். நான் எடுத்த படங்களைப் பார்த்த ஒரு பள்ளி ஆசிரியர், "சார், இதுல ரெண்டு வேற பூச்சி" என்றார். டனாய்ட் எக்ஃப்ளை என்கிறார்கள். அதன் பெண், விஷம் ஏதும் இல்லாமலே, வெந்தய வரியனின் வேஷத்தை அப்படியே போட்டுக்கொண்டு பிழைக்கிறது. புழு தின்பது பருப்புக்கீரை. பின்சிறகின் நடுவே கறுப்புப் புள்ளிகள் இருந்தால் அசல்: ஆணுக்கு நான்கு, பெண்ணுக்கு மூன்று. போலிக்கு நடுவில் ஒன்றும் இராது. நபக்கோவ் 1940களில் ஹார்வர்டு மியூசியத்தில் நீலப் பூச்சிகளை வகைபிரித்தபோது சிறகை மட்டும் நம்பாமல் பிறப்புறுப்புகளை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். இதைக் கேள்விப்பட்ட காலத்தில் எனக்கு அது ஒரு மேதையின் கிறுக்கு என்றுதான் பட்டது.

2019இல் தமிழக அரசு தமிழ் மறவனை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தது. அது மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழ்வது. எங்கள் தெருவுக்கு வரப்போவதில்லை.

மார்கழியில் தெருக்காரர்கள் நாலைந்து பேர் வந்தார்கள். மனையில் பாம்பு, கொசு. சுத்தம் செய்யச் சொல்லி உரிமையாளருக்கு ஒரு கடிதம் வேண்டும். "நீங்கதான் எழுதுறவராச்சே." எழுதிக் கொடுத்தேன். நன்றாகவே வந்திருந்தது. 'புதர்' என்ற சொல்லை மூன்று தடவை போட்டிருந்தேன். பாம்பு பொய்யில்லை, எதிர்வீட்டுக் குளியலறையிலேயே ஒன்று வந்திருந்தது.

எருக்கிலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று அந்த ஆசிரியர் சொல்லிக்கொடுத்தது தை பிறந்த பிறகு. இலையின் அடியில் கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக வளையம் போட்ட புழுக்கள், முதுகில் மூன்று ஜோடி கறுத்த இழைகள். பதினேழு எண்ணினேன். கடிதத்தைத் திரும்பப் பெறலாம் என்று தோன்றாமலில்லை. போய் என்ன சொல்வது? புழு இருக்கிறது என்றா?

மாசி முதல் வாரத்தில் ஜேசிபி வந்தது. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நான் எழுதி உடனடியாகப் பலன் கண்ட எழுத்து அது ஒன்றுதான். முதல்நாள் மாலையே இரண்டு புழுக்களோடு ஒரு கிளையை ஒடித்துவந்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் வைத்திருந்தேன். ஒன்று செத்துப்போயிற்று. மற்றது கூடுகட்டித் தொங்கி, பத்துப் பன்னிரண்டு நாளில் வெளிவந்தது. சிறகு உலரும்வரை பக்கத்தில் உட்கார்ந்து புள்ளிகளை எண்ணினேன். நான்கு. காமிரா உள்ளே இருந்தது. எடுத்துவருவதற்குள் மதிலைத் தாண்டிப் போய்விட்டது.

போன வாரம் மறுபடி வந்தார்கள். அடுத்த தெருவிலும் ஒரு மனை இருக்கிறதாம். கடிதம் கேட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் இன்னும் உட்காரவில்லை.