வெள்ளை அங்கி

பேத்திக்கு வேதியியல் ஆராய்ச்சிப் படிப்பில் இடம் கிடைத்துவிட்டது. அடுத்த வாரம் புறப்படுகிறாள். அஸர் தொழுதுவிட்டு வந்து நாம் திண்ணையில் அமர்ந்திருந்த வேளையில், புதிதாக வாங்கிய வெள்ளை அங்கியை அணிந்துகொண்டு எதிரே வந்து நின்றாள்.

"எப்படி இருக்கு நன்னா?"

அழகாகத்தான் இருந்தது. ஆனால் நம் கண்கள் அழகைப் பார்க்கவில்லை. கையின் நீளத்தையும், துணியின் தரத்தையும், பொத்தான்களையுமே பார்த்தன. வாழ்நாளின் பெரும்பகுதியை ஆய்வுக்கூடத்தில் கழித்த நமக்கு, ஓய்வு பெற்ற பின்னும் அந்தப் பழக்கம் போகவில்லை.

"கையுறை, காப்புக் கண்ணாடி, அங்கி எல்லாம் வாங்கியாச்சு. போதும்தானே நன்னா?" என்றாள்.

அதற்கு உடனே விடை சொல்ல நம்மால் இயலவில்லை. 1974-ஆம் ஆண்டின் ஒரு பிற்பகல் நினைவில் எழுந்து வழிமறித்தது.

அப்போது நாம் ஒரு கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்து ஓராண்டும் நிறைவடையவில்லை. அக்காலத்து ஆய்வுக்கூடங்களின் நிலையைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். பிப்பெட்டில் கரைசலை வாயால்தான் உறிஞ்சுவோம். அமிலமாயினும் காரமாயினும் அதே வாய்தான். நாவில் பட்டுவிட்டால் துப்பிவிட்டுச் சிரிப்போம். காப்புக் கண்ணாடி அணிந்த மாணவரை நாம் கண்டதில்லை. அணியச் சொன்ன ஆசிரியரையும் கண்டதில்லை. அமிலம் தெறித்துச் சட்டையில் விழுந்த ஓட்டைகளைப் பதக்கங்களைப்போல் காட்டித் திரிந்த கூட்டம் நாம்.

அன்று உப்புப் பகுப்பாய்வு வகுப்பு. கொடுக்கப்பட்டது அம்மோனியம் உப்புதானா என்று அறிய, அதனுடன் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சேர்த்துச் சூடேற்றுவார்கள். அந்தக் காரக் கரைசல் சாதுவாகத்தான் இருக்கும். சோதனைக் குழாயின் அடியில் வெப்பம் தேங்கினாலோ, எவ்வித முன்னறிவிப்புமின்றிக் குபீரென்று வெளியே பாயும். ஆகையால்தான் குழாயைச் சாய்த்துப் பிடித்து அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அதன் வாய் எவரையும் நோக்கியிருக்கலாகாது என்பார்கள். ஒரு மாணவர் பிடித்திருந்த குழாயின் வாய், எதிர் மேசை மாணவரின் முகத்தை நோக்கியிருந்தது. அதை நாம் பார்த்தோம். கையிலிருந்த குறிப்பேட்டில் கையெழுத்திட்டுவிட்டுச் சொல்லலாம் என்று இருந்துவிட்டோம்.

கையெழுத்தை முடிக்குமுன் அலறல் கேட்டது.

அந்த மாணவரின் இடக்கண்ணில் கொதிக்கும் காரம். நாம் என்ன செய்தோம்? பாடநூலில் படித்தபடி, போரிக் அமிலக் கரைசலைத் தேடி அலமாரிக்கு ஓடினோம். அது பூட்டியிருந்தது. சாவிக்காகத் துறை அலுவலகத்திற்கு ஓடினோம். மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது, ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நம் ஆய்வுக்கூட அட்டெண்டர், அந்த மாணவரின் தலையைத் தொட்டிக் குழாயின் கீழே அழுத்திப் பிடித்து, விரல்களால் இமைகளை விரித்து, கண்ணில் தண்ணீரை ஓடவிட்டுக் கொண்டிருந்தார். மாணவர் துடித்தார், பெரியவர் விடவில்லை. நம் கையிலிருந்த புட்டியை ஏறிட்டுப் பார்த்து, "மருந்தெல்லாம் அப்புறம் சார், முதல்ல தண்ணி" என்றார். கால்மணி நேரத்திற்குமேல் அப்படியே பிடித்திருந்து, அதன் பிறகே மருத்துவமனைக்கு அனுப்பினார்.

அமிலம் பெரும்பாலும் தான் பட்ட திசுவை உறைய வைத்து, மேற்கொண்டு தான் இறங்குவதற்கு ஓரளவு தானே தடை போட்டுக்கொள்ளும். காரத்திற்கு அந்தக் குணமில்லை. அது கொழுப்பைக் கரைத்துக்கொண்டு உள்ளே உள்ளே இறங்கும். சாவி தேடும் ஒவ்வொரு நொடியும் அதற்கு ஆதாயம். பட்டம் பெற்றிருந்த நமக்கு இது ஏட்டளவில் தெரியும்; பெரியவருக்குக் கையளவில் தெரிந்திருந்தது. மாணவரின் கண் தப்பியது. ஆனால் பார்வை மங்கியே நின்றது. பின்னாளில் அவருடைய நிக்காஹ்வுக்குச் சென்றிருந்தோம். நம்மைக் காண்பதற்கு அவர் முகத்தைச் சற்றே இடப்புறம் திருப்பிக்கொண்டார்.

"அப்போ கண்ணாடி இல்ல, இப்பதான் எல்லாம் இருக்கே" என்றாள் பேத்தி. எல்லாம் இருந்த இடத்துக் கதையையும் சொன்னோம்.

கேரன் வெட்டர்ஹான் என்னும் அம்மையார் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். உலோகங்களின் நச்சுத்தன்மையை ஆராய்வதே அவர் தொழில். 1996 ஆகஸ்ட் 14 அன்று, நச்சு ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் கண்ணாடித் தடுப்பினுள், கையுறை அணிந்து, டைமெத்தில் மெர்க்குரி என்ற பாதரசச் சேர்மத்தைக் கையாண்டார். பிப்பெட் நுனியிலிருந்து சில துளிகள் கையுறைமேல் சிந்தின. 1997 ஜனவரியில் நடை தள்ளாடிற்று, பேச்சுக் குழறிற்று. ஜூன் 8 அன்று, தமது 48-ஆம் வயதில் மறைந்தார். லேடெக்ஸ் ரப்பரால் ஆன அத்தகைய கையுறையைப் பிறகு சோதித்தபோது, அந்தத் திரவம் 15 நொடிகளுக்குள் அதை ஊடுருவியது தெரியவந்தது. அதன் பின்னரே, இதற்குப் பல அடுக்குப் படலத்தால் ஆன கையுறையும், அதன்மேல் கனத்த வேறொரு கையுறையும் வேண்டும் என்ற எச்சரிக்கை பரவியது. அவர் கவனக்குறைவானவர் அல்லர். அன்று பாதுகாப்பென்று கருதப்பட்டதை அணிந்தே இருந்தார்.

பேத்தி தன் அங்கியின் ஓரத்தை விரல்களால் கசக்கிப் பார்த்தாள்.

"இது பாலியஸ்டர் கலந்ததும்மா" என்றோம். தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும் துணி அது. 2008 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், 23 வயதுப் பெண் ஒருவர், காற்றுப் பட்டதுமே தீப்பற்றும் திரவத்தை ஊசிக்குழலில் எடுக்கையில் அதன் தண்டு கழன்றுவிட்டது. அவர் மேல் ஆய்வுக்கூட அங்கி இல்லை. செயற்கை இழைக் கம்பளிச் சட்டைதான் இருந்தது. 18 நாட்கள் போராடி இறந்தார். பேத்தியின் தலைத்துணியும் அவ்வகைத் துணிதான். பருத்தியில் இரண்டு எடுத்துக்கொள்ளச் சொன்னோம்; முனைகள் வெளியே தொங்காமல் அங்கிக்குள் அடங்கியிருக்க வேண்டும் என்றும் சொன்னோம். அவசரத்தில் ஒரே இழுப்பில் அங்கியைக் கழற்ற, சாதாரணப் பொத்தானைவிட பிரஸ் பட்டனே தோது. அதைக் கேட்டுக்கொண்டிருந்த அவளுடைய நன்னி, பருத்தி அங்கி வாங்கி வந்தால் பட்டன்களைத் தாமே மாற்றித் தைத்துத் தருவதாகச் சொல்லி, ஊசிப் பெட்டியைத் தேட எழுந்தார்.

"அந்தப் பெரியவர் இருக்காரா நன்னா?"

"மவுத்தாகிவிட்டார்."

"அந்த ஸ்டூடண்ட்?"

"இருக்கிறார். பேரன் பேத்தி எடுத்துவிட்டார்."

"நீங்க அதைப் பார்த்துட்டுச் சும்மா இருந்தது அவருக்குத் தெரியுமா?"

இல்லை என்றோம். அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அங்கியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு உள்ளே போனாள். அவருடைய தொலைபேசி எண் நம்மிடம் இருக்கிறது. மஃக்ரிபுக்கு பாங்கு சொல்லும்வரை அதைக் கையில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தோம்.